பெரிய ப்ரொப்பெல்லர் போட்டதும் மோட்டார் கருகியது ஏன்?

கேள்வி: எங்கள் மாணவர் குழு, நிலத்தை மேலிருந்து படமெடுக்க ஒரு சிறகு விமானம் செய்திருக்கிறது. மொத்த எடை 3 கிலோ, சிறகின் நீளம் 2 மீட்டர், வேகம் விநாடிக்கு 15 மீட்டர். 1100 கேவி மோட்டார், 40 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 4எஸ் 5000 லிப்போ (நான்கு செல்களைத் தொடராக இணைத்த 5000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம்-பாலிமர் பேட்டரி), 10×5 ப்ரொப்பெல்லர் (விட்டம் 10 இன்ச்; பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், 5 இன்ச்). 22 நிமிடம்தான் பறக்கிறது. பெரிய ப்ரொப்பெல்லர் சிக்கனம் என்று கேள்விப்பட்டு 13×8 மாட்டினோம். ஏறும்போதே கருகிய வாடை வந்து மோட்டார் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் பறக்க என்ன மாற்ற வேண்டும்?

பதில்: ப்ரொப்பெல்லரைப் பெரிதாக்கியது சரியான யோசனைதான். மோட்டாரின் கேவியைக் குறைக்காமல் பெரிதாக்கியதில்தான் பிழை.

கேவி என்பது சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்ற கணக்கு. 1100 கேவி மோட்டார் 4எஸ் பேட்டரியில் 10×5-ஐ ஏறக்குறைய 12,500 ஆர்பிஎம்மில் சுழற்றும். அதற்கே 35 முதல் 40 ஆம்பியர் வரை போகும். உங்கள் இஎஸ்சியின் எல்லையும் அதுதான். ப்ரொப்பெல்லர் கேட்கும் திறன், விட்டத்தின் நான்காம் அடுக்கையும் பிட்ச்சையும் பெருக்கிய அளவில் உயரும். விட்டம் 1.3 மடங்கானது; அதன் நான்காம் அடுக்கு 2.86, பிட்ச் 5-லிருந்து 8 ஆனதால் இன்னொரு 1.6 மடங்கு. ஆக, அதே ஆர்பிஎம்மில் நாலரை மடங்கு. சுமை தாங்காமல் சுற்று கொஞ்சம் இறங்கும் என்றாலும், ஆம்பியர் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சுருள் கம்பியின் எனாமல் உருகித்தான் அந்த வாடை வந்திருக்கிறது.

அந்த மோட்டாரின் சுருளை மறுபடி சுற்றி (ரீவைண்ட் செய்து) ஓட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் நிரந்தரமாக வலுவிழக்கும். காந்தம் தளர்ந்தால் கேவி உயரும், சுமையில்லாமல் ஓடும்போதே கூடுதல் ஆம்பியர் இழுக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

இனி கணக்குக்கு வருவோம். 3 கிலோ என்றால் எடை 29.4 நியூட்டன். தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் 10 என்று வைத்துக்கொண்டால் இழுவை 2.94 நியூட்டன். அதை 15 மீட்டர் வேகத்தால் பெருக்கினால் 44 வாட். நேர்மட்டத்தில் பறக்க விமானத்துக்கு உண்மையில் தேவைப்படுவது அவ்வளவுதான்! உங்கள் பேட்டரி 74 வாட்-மணி (14.8 வோல்ட் × 5 ஆம்பியர்-மணி). அதில் 80 சதவீதம் 22 நிமிடத்தில் தீர்கிறது என்றால் சராசரிச் செலவு 160 வாட். சின்ன ப்ரொப்பெல்லர் வேகமாகச் சுற்றிக் காற்றைக் கலக்குகிறது. மோட்டாரும் இஎஸ்சியும் அரை த்ராட்டிலில் சூட்டைக் கக்குகின்றன. மிச்சமெல்லாம் அங்கேதான் போகிறது.

13×8-ஐ வைத்துக்கொண்டு 600 கேவி மோட்டாருக்கு மாறுங்கள். பிட்ச் 8 இன்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 0.203 மீட்டர். பிட்ச் வேகம் (ப்ரொப்பெல்லர் வழுக்காமல் முன்னேறினால் வரும் வேகம்) விமான வேகத்தைப் போல 1.2 மடங்கு இருப்பது நல்ல தொடக்கம். அதற்கு 5,300 ஆர்பிஎம் போதும். முழு த்ராட்டிலில் 6,900 அளவுக்குப் போய், சுமார் 27 ஆம்பியரில் 1.8 கிலோ உந்துவிசை தரும். கையால் வீசி ஏற்ற இது தாராளம். மோட்டார் 150 கிராமுக்குக் குறையக் கூடாது. இஎஸ்சி 50 அல்லது 60 ஆம்பியர். ப்ரொப்பெல்லர் 65, மோட்டார் 80, இஎஸ்சி 95 சதவீதம் என்றால் மொத்தத் திறன் 49 சதவீதம். ஆட்டோபைலட், சர்வோக்களுக்கு (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) 7 வாட் சேர்த்தாலும் செலவு 97 வாட்டைத்தான் தொடும்.

அப்படியும் பழைய லிப்போவில் 36 நிமிடமே கிடைக்கும். 21700 (21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம்) லித்தியம்-அயான் செல்களில் 4எஸ்2பி பேக் (நான்கு தொடராக, இரண்டு இணையாக) கட்டுங்கள். 5 ஆம்பியர்-மணி செல் எட்டு: 144 வாட்-மணி, சுமார் 560 கிராம். 20 சதவீதம் இருப்பு வைத்தாலும் ஒரு மணி நேரம் தாண்டும். ஒவ்வொரு செல்லும் ஏறும்போது 13.5 ஆம்பியர் தர வேண்டியிருப்பதால், 15 ஆம்பியருக்குமேல் தொடர்ந்து தாங்கும் செல்லாகப் பார்த்து வாங்குங்கள். 5 ஆம்பியர்-மணி செல்கள் பலவற்றுக்கு 10 ஆம்பியர்தான் எல்லை. செல்லில் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள்; தூய நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்ட் செய்யுங்கள். நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டை கைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மின்தடை மட்டும் அதிகம். உப்புத் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டுவையுங்கள்; மறுநாள் துரு ஏறினால் இரும்பு.

பேட்டரியை மூக்கிலிருந்து பின்னால் தள்ள நேர்ந்தால், பேட்டரிக்கும் இஎஸ்சிக்கும் இடையிலுள்ள ஒயரை நீட்டக் கூடாது. நீண்ட ஒயரின் தூண்டலால் வோல்ட்டேஜ் துள்ளி, இஎஸ்சியின் கெப்பாசிட்டர்கள் வெடிக்கலாம். மோட்டார் பக்கத்து மூன்று ஒயர்களை நீட்டுங்கள். வேறு வழியே இல்லையென்றால் 10 செ.மீ. நீட்டலுக்கு ஒரு 220 மைக்ரோஃபாரட், 35 வோல்ட், லோ-இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கெப்பாசிட்டர் என்று இஎஸ்சியின் வாயிலிலேயே சேருங்கள்.

பறக்கவிடும் முன் விமானத்தைக் கட்டிவைத்து, வாட் மீட்டர் மாட்டி, முழு த்ராட்டிலில் 20 விநாடி ஓட்டிப் பாருங்கள். 30 ஆம்பியருக்குமேல் போனால் 12×8-க்கு இறங்குங்கள். மோட்டாரையும் இஎஸ்சியையும் குளிர்விக்கும் காற்று உள்ளே வரும் துளையைவிட வெளியேறும் துளை ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்கட்டும். பலரும் முன்பக்கத்தைத் திறந்துவிட்டுப் பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இஎஸ்சியின் கட்-ஆஃபை (எந்த வோல்ட்டேஜில் மோட்டாரை நிறுத்தும் என்ற எல்லையை)ப் பார்க்காமல் புதிய பேக்கை மாட்டாதீர்கள். லிப்போவுக்காக செல்லுக்கு 3.3 வோல்ட் வைத்திருந்தால், லித்தியம்-அயான் பேக் ஏறும்போது சற்றே தொய்ந்தாலும் கணிசமான மின்சாரம் மிச்சமிருக்கும்போதே மோட்டார் அணைந்துவிடும். 3.0 அல்லது 2.9-க்குக் குறைத்து வையுங்கள். எப்போது இறங்குவது என்பதைச் செலவான ஆம்பியர்-மணியைப் பார்த்து ஆட்டோபைலட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.