ஏறாத பெரியம்மா, இறங்காத நீங்கள்

கேள்வி: வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமில் குழந்தைகளோடு பயணம் போனோம். வழியில் ஒரு சனி, ஞாயிறு என் கணவரின் பெரியப்பா வீட்டில் தங்கினோம். வயதானவர்களுக்குத் தொந்தரவு தர வேண்டாம் என்று, வண்டியை அவர்கள் வாசலில் நிறுத்தி அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்துக்கொண்டோம். கரண்டும் தண்ணீரும் மட்டும்தான் அவர்களிடம் வாங்கினோம். ராத்திரி இரண்டு தடவை கரண்ட் டிரிப் ஆனது. பெரியப்பாவே எழுந்து போய்ப் போட்டுவிட்டார். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வண்டிக்குள் ஏறவில்லை. மற்றபடி நன்றாகத்தான் பேசினார். நாங்கள் திரும்பி வந்த பிறகு அவர் மகள் போன் செய்து, "அண்ணி, நீங்க அம்மாவைப் பார்க்க வந்தீங்களா, வண்டி நிறுத்த வந்தீங்களா?" என்று கேட்கிறாள். நாங்கள் என்ன குறை வைத்தோம்? அடுத்த விடுமுறையிலும் அந்த வழியாகத்தான் போகிறோம். அவர்கள் வீட்டுக்குப் போவதா, வேண்டாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் நாத்தனார் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

"பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் வண்டிக்குள் ஏறவில்லை." இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. சமைத்தது வண்டிக்குள், படுத்தது வண்டிக்குள், குழந்தைகள் இருந்ததும் பெரும்பாலும் வண்டிக்குள்ளாகத்தான் இருக்கும். அப்படியென்றால் அந்த அம்மா உங்களோடு "நன்றாகத்தான் பேசினார்" என்கிறீர்களே, எங்கே நின்று பேசினார்? தன் வீட்டு வாசலிலேயே, உங்கள் வண்டிக் கதவுக்கு வெளியே, அண்ணாந்து பார்த்தபடி. முழங்கால் வலியோடு.

அந்த வண்டிகளின் படி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெளியே இழுத்துவிடும் ஒற்றைப் படி, கால் வைத்தால் லேசாக ஆடும். அதிலிருந்து உள்ளே போக இன்னொரு உயரம். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் அதிர்ஷ்டம். முழங்கால் தேய்ந்தவர் அதில் ஏற மாட்டார், ஏறவும் கூடாது. அவர் ஏறாததற்குக் காரணம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இறங்காததற்கு என்ன காரணம்?

தொந்தரவு தர வேண்டாம் என்றுதான், என்பீர்கள். இந்தப் பதிலை எத்தனையோ கடிதங்களில் படித்தாயிற்று. சொல்கிறவர்களுக்கு முக்கால்வாசி நேரம் தங்கள் வசதிதான் பெரிது: நம் படுக்கை, நம் அடுப்பு, நம் நேரம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது தப்பில்லை, ஆனால் அதற்கு அடுத்தவர் மேல் வைத்த கரிசனம் என்று பெயர் வைக்காதீர்கள். வயதானவர்களின் வீட்டுக்குச் சின்னவர்கள் போனால், போய் உள்ளே உட்கார வேண்டும். அவர்களுக்கு வேலை வைக்கக் கூடாதென்றால் அவர்களுடைய சமையலறையில் நின்று நீங்கள் சமையுங்கள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். குழந்தைகளை அந்த அம்மா பக்கத்தில் உட்கார வையுங்கள். தொந்தரவும் இல்லை, உறவும் இருக்கும்.

தொந்தரவே தரவில்லை என்பதும் உண்மையில்லை. "மட்டும்தான்" வாங்கிய கரண்டை எடுத்துக்கொள்வோம். வண்டிக் கூரையில் இருக்கும் ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். மைக்ரோவேவோ கெட்டிலோ கூடச் சேர்ந்தால் சாதாரண வீட்டு ப்ளக் தாங்காது. முதல் தடவை டிரிப் ஆனதுமே ஏசியை அணைத்திருக்க வேண்டும். நீங்கள் அணைக்கவில்லை, அதனால்தான் இரண்டாவது தடவையும் அந்தப் பெரியவர் இருட்டில் எழுந்து போனார். உங்கள் கணவர் இளவயதுக்காரர்தானே, அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

அவரைப் பற்றிக் கேட்க இன்னொன்றும் இருக்கிறது. பெரியப்பா அவருடைய பெரியப்பா. போன் செய்தது அவருடைய தங்கை. அவள் கோபத்தை வாங்கிக்கொண்டது நீங்கள், எனக்குக் கடிதம் எழுதியதும் நீங்கள். தன் சொந்தங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மனைவி தலையில் கட்டிவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆண்களை எனக்குப் பிடிக்காது. இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.

போவதா வேண்டாமா என்றால், போங்கள். ராத்திரி வண்டியிலேயே படுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. குழந்தைகளுக்குப் பழகின படுக்கை, அவர்களுக்கும் பாய் தலையணை தேட வேண்டாம். ஆனால் கதவைத் தூங்கும் நேரத்துக்கு மூடினால் போதும். பகலில் வண்டி காலியாகக் கிடக்கட்டும்.

முன்கூட்டியே கேட்க வேண்டியவையும் உண்டு. குடும்பத்துக்கான நடுத்தர வண்டியே சாமானும் தண்ணீரும் நிரப்பினால் 3,500 கிலோவைத் தொடும், பல வண்டிகள் அதையும் தாண்டும். வாசல் தளம் அதைத் தாங்குமா, செப்டிக் டாங்க் மூடி எங்கே இருக்கிறது என்று கேட்காமல் உள்ளே ஏற்றாதீர்கள். உயரமும் 3 மீட்டர் வரும். தாழ்ந்த கிளையையும் வயரையும் ஒருவர் இறங்கிப் பார்க்க வேண்டும். அவர்கள் கார் வெளியே வர வழி இருக்கிறதா என்பதையும். ராத்திரி தெருவில் நிறுத்த அந்த ஊரில் அனுமதி உண்டா என்பதையும். தண்ணீரை வழியிலேயே நிரப்பிக்கொண்டு, கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்ச் சேருங்கள். வண்டி டாய்லெட்டின் கழிவு சேரும் பெட்டியை அவர்கள் வீட்டுக் கழிப்பறையில் கொட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதில் ஊற்றும் மருந்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தால், அது செப்டிக் டாங்கில் கழிவை மட்கவைக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நாற்றம் நீங்கள் கிளம்பிய பிறகுதான் தொடங்கும். ஜெனரேட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் அதை ஓட்டினால் சத்தம் மட்டுமல்ல, கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்காமல் உங்கள் கணவர் போனில் பேசிக் கேட்கட்டும், அதுவும் பெரியம்மாவிடம். முதலில் தங்கைக்குப் போன் செய்து, "நீ சொன்னது சரி, தப்பு என்னுது" என்று சொல்லட்டும். அவர் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் போனைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பெரியம்மாவிடம் எந்த நாள் வசதி, எத்தனை நாள் இருக்கலாம் என்று கேட்கட்டும். இந்தத் தடவை முடியாது என்று அவர் சொன்னால், வண்டியை ஒரு முகாம் திடலில் நிறுத்திவிட்டு, பகலில் எல்லோரும் டாக்ஸியில் போய் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.