சட்டம் போட்டால் போதாதா?

கேள்வி: தேர்தலில் ஜெயித்து, நல்ல சட்டங்களாகப் போட்டுக்கொண்டே போனால் சோசலிசம் வந்துவிடாதா? ஜெர்மன் சோசலிஸ்ட் பெர்ன்ஸ்டைன் சொன்னதும் இதுதானே? அதே கட்சியில் இருந்த புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் அவரை ஏன் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார்?

பதில்: ரோசாவைச் சீர்திருத்தத்தின் எதிரி என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. 1899இல் பெர்ன்ஸ்டைனுக்கு மறுப்பாக அவர் எழுதிய நூலின் முன்னுரையிலேயே, சீர்திருத்தப் போராட்டம் வழி, சமூகப் புரட்சி இலக்கு என்று எழுதிவிடுகிறார். பெர்ன்ஸ்டைனோ இயக்கம்தான் எல்லாம், இலக்கு ஒன்றுமில்லை என்றார். சண்டை அங்கேதான். மார்க்ஸும் 1847இல் இங்கிலாந்தில் வந்த பத்து மணி நேர வேலைச் சட்டத்தைத் தொழிலாளர்களின் வெற்றியாகவே கொண்டாடியவர்.

சரி, சிக்கல் எதில்? அரசு இயந்திரத்தில். தென் அமெரிக்க நாடான சிலியைப் பாருங்கள். 1970இல் சோசலிஸ்ட் தலைவர் அயெந்தே தேர்தல் வழியாகவே அதிபரானார். 1971 ஜூலையில் செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. சட்டப்படி இதற்குமேல் என்ன செய்ய முடியும்? ஆனால் ராணுவம் பழைய ராணுவமாகவே இருந்தது. 1973 ஆகஸ்ட் 23 அன்று பினோசேயைத் தலைமைத் தளபதியாக நியமித்தவரே அயெந்தேதான். மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 11 அன்று அதே பினோசே தலைமையில் நடந்த ராணுவக் கவிழ்ப்பில் அதிபர் மாளிகைமேல் குண்டு விழுந்தது. போட்டது சிலியின் சொந்த விமானப்படை.

ஆளும் வர்க்கம் கட்டிவைத்த அரசை அப்படியே கைப்பற்றி ஓட்டிவிட முடியாது என்று, 1871இல் பாரிஸ் தொழிலாளர்கள் சில வாரங்கள் நடத்திய சொந்த ஆட்சியான பாரிஸ் கம்யூனைப் பார்த்து மார்க்ஸ் எழுதியதன் பொருள் இங்கே தெரிகிறது. கம்யூன் நிரந்தரப் படையை ஒழித்தது. அதிகாரிகளின் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 6,000 ஃபிராங்க் என்று உச்சவரம்பு வைத்தது. அதே கம்யூன்தான் ஏப்ரலில், ரொட்டி அடுமனைகளில் இரவு வேலையைத் தடை செய்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆணை அது. பிரெஞ்சு அரசின் பீரங்கி நகரத்தைத் தாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ரொட்டி சுடுகிறவர் இரவில் தூங்க வேண்டும் என்று கவலைப்பட்டிருக்கிறார்கள்! இது சீர்திருத்தமா புரட்சியா என்று பிரித்துக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

கேள்வி: லெனின் 'அரசும் புரட்சியும்' நூலை ஏன் பாதியில் விட்டார்?

பதில்: 1917 ஆகஸ்ட், செப்டம்பரில் தலைமறைவாக இருந்தபோது எழுதினார். ரஷ்யப் புரட்சிகளின் அனுபவம் பற்றிய ஏழாம் அத்தியாயத்தைத் தொடங்கும்போது அக்டோபர் புரட்சி வந்துவிட்டது. புரட்சியைப் பற்றி எழுதுவதைவிட அதில் வாழ்வது இனிது என்று பின்குறிப்பு எழுதி முடித்துவிட்டார். எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். சோவியத்துகள் என்ற தொழிலாளர், படைவீரர் மன்றங்களின் கையில் இருந்திருக்க வேண்டிய அதிகாரம் சில ஆண்டுகளிலேயே கட்சியின் கைக்குப் போய்விட்டது. அந்த ஆபத்தை அவர் பேசியிருக்க வேண்டிய இடம் அந்த அத்தியாயம்தான்.