எல்லாமே நன்றாக இருக்கும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

நான் புளியரையில் இருக்கிறேன். வேலைக்குப் புனலூர் சென்று வருகிறேன். தென்காசியில் மாதம் ஒருமுறை கூடும் சிறிய வாசகர் வட்டம் ஒன்றில் இந்த ஆண்டு சேர்ந்தேன். சென்ற கூடுகையில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த எழுத்தாளரைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். நான் மர்ம நாவல்கள் எழுதும் ராஜேஷ்குமாரின் பெயரைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "ரயிலில் படிக்கலாம்" என்றார். "படித்துப் பாருங்கள், அவர் எழுதியது எல்லாமே நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

துப்பறியும் கதையும் மர்மக் கதையும் படிப்பவனை வாசகன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்களா? இவற்றை ஒரு வயதில் விட்டுவிட வேண்டுமா? நமக்குப் பிடித்த எழுத்தாளரை மற்றவர்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது? இவ்வகை நாவல்களுக்கென்றே தனி வட்டம் தொடங்கலாமா? முடிந்தால் பத்து நாவல்கள் கொண்ட பட்டியல் ஒன்றும் தாருங்கள்.

ம., புளியரை

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகளும் ஒரு வேண்டுகோளும் இருக்கின்றன. என்னைப் பதில் எழுத வைத்தது அவற்றில் எதுவும் இல்லை. கூடுகையில் நீங்கள் சொல்லிவிட்டு உட்கார்ந்த அந்த ஒரு வாக்கியம். சில வாரங்களாகவே நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். புத்தகப் பிரியர்கள் கூடும் இடங்களில் இப்போதெல்லாம் பெயர்கள் மட்டுமே கைமாறுகின்றன. ஒருவர் ஒரு பெயரைச் சொல்கிறார், மற்றவர் பதிலுக்கு ஒரு பெயரைச் சொல்கிறார், இருவரும் குறித்துக்கொள்கிறார்கள், தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறார்கள். யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

முதலில் எளியவற்றை முடித்துவிடுகிறேன். துப்பறியும் கதை படிப்பவர் வாசகரா என்பது தமிழில் நூறாண்டுக்கு முன்பே தீர்ந்த வழக்கு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே.ஆர். ரங்கராஜுவும் எழுதிக் குவித்த மர்ம நாவல்களைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த கூட்டம்தான் தமிழில் நாவல் என்ற வடிவத்துக்குக் கடைத்தெருவில் ஓர் இடம் பிடித்துக்கொடுத்தது. அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தென்காசியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். வயதைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அறுபதைக் கடந்த என்னிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. தனி வட்டம் வேண்டவே வேண்டாம். ஒருவர் சொல்ல மற்ற ஒன்பது பேரும் தலையாட்டும் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை? பட்டியலும் தர மாட்டேன். பட்டியல் கேட்பவர்கள் பட்டியலைத்தான் படிக்கிறார்கள், அதிலுள்ள புத்தகங்களைப் படிப்பதில்லை என்பது என் அனுபவம்.

இனி உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். உங்கள் நண்பர் உண்மையிலேயே மனம் மாறி, சரி படிக்கிறேன் என்று ஒரு பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தால், அங்கே கயிற்றால் கட்டி அடுக்கியிருக்கும் பாக்கெட் நாவல் கட்டுகளில் எதை அவர் உருவ வேண்டும்? அதை நீங்கள் சொல்லவில்லை. எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொன்னதன் மூலம் தேர்வு செய்யும் வேலை முழுவதையும், இதுவரை அவரை ஒருவரி கூடப் படித்திராத ஒரு மனிதரின் தலையில் கட்டிவிட்டீர்கள். ராஜேஷ்குமார் கதைகளில் துப்பறியும் விவேக்கும் அவர் மனைவி ரூபலாவும் யாரென்றே தெரியாத அந்த நண்பர், கைக்குக் கிடைத்த ஒன்றை எடுப்பார். அது அவசரத்தில் எழுதப்பட்டதாக இருந்தால், அத்தோடு முடிந்தது. இதைப் பணிவு என்றோ பக்தி என்றோ நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். நான் இதைச் சோம்பேறித்தனம் என்கிறேன். இத்தனை ஆண்டுகள் ஒருவரைப் படித்துவிட்டு, அவருடைய நாவல்களில் எது மேல் எது கீழ் என்று உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், நீங்கள் படித்தீர்களா, பக்கங்களைப் புரட்டினீர்களா?

எழுதியவர்களே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். ஆர்தர் கானன் டாயில் 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவிக்கு அனுப்பிக் கதையை முடித்துப் பார்த்தார். வாசகர்கள் விடவில்லை, பத்தாண்டுகள் கழித்து மறுபடியும் உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அவருக்கு ஹோம்ஸ் மீது இருந்தது அன்பும் சலிப்பும் கலந்த ஓர் உறவு. 1927இல் ஸ்ட்ராண்ட் இதழ் நடத்திய போட்டிக்காக, அதுவரை நூல்வடிவில் வந்திருந்த ஹோம்ஸ் சிறுகதைகளிலிருந்து சிறந்தவை என்று 12 கதைகளை அவரே தேர்ந்து வரிசைப்படுத்திக் கொடுத்தார். முதலிடம் 'புள்ளிப் பட்டை' கதைக்கு. (அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று இங்கே விளக்கினால் படிக்காதவர்களுக்குக் கதை கெட்டுவிடும்.) பெற்றவரே தன் பிள்ளைகளில் பன்னிரண்டு பேரை மட்டும் முன்வரிசைக்கு அழைத்திருக்கிறார். மற்ற கதைகள் அதனால் செத்துப்போய்விடவில்லை. அந்த 12 என்ற எண் இருப்பதால்தான் ஹோம்ஸ் ரசிகர்கள் இன்றுவரை அதோடு சண்டையிட்டு, விடுபட்ட கதைக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதாட ஏதாவது கொடுத்தால்தானே எதிரில் இருப்பவர் பேசுவார்?

இதைச் செய்யத் தெரிந்த ஒருவரை நான் சிறுவயதில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். செங்கோட்டை ரயில் நிலையத்தின் பக்கத்தில் எங்கள் அத்தையின் வீடு. ஆரியங்காவில் சிறிய சாயாக்கடை வைத்திருந்த ஒரு மலையாளப் பெண்மணி, வாரம் ஒருமுறை மீட்டர்கேஜ் வண்டியில் மலையிறங்கி வந்து கடைக்குக் காய்கறியும் வெங்காயமும் வாங்குவார். மாலை வண்டி வரும்வரை அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அத்தை அவரைச் சேச்சி என்பார், அவர் அத்தையை அக்கா என்பார். இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை. சேச்சியின் பையில் கோட்டயத்திலிருந்து வரும் வார இதழ் ஒன்று எப்போதும் மடித்துச் செருகியிருக்கும். துப்பறியும் தொடர்கள் கேரளத்தில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பள்ளியில் சரித்திரம் கற்பித்த எழுத்தாளர் கோட்டயம் புஷ்பநாத்தின் டிடெக்டிவ் மார்க்சினும் டிடெக்டிவ் புஷ்பராஜும் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாகியிருந்தார்கள். பின்னர் தமிழிலும் அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அத்தைக்கு மலையாளம் பேசவரும், எழுத்து தெரியாது. சேச்சிக்குத் தமிழும் அப்படியே. ஆகவே அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே தமிழ் வார இதழில் அந்த வாரம் வந்ததைச் சொல்வார். சேச்சி இதழை மூடி மடியில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு தன் தொடரைச் சொல்வார். கணேஷை 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் சுஜாதா அறிமுகப்படுத்தினார் என்பதையெல்லாம் நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்; ஆனால் கணேஷ் என்றொரு வக்கீல் இருக்கிறார், அவருக்கு வசந்த் என்றொரு வாயாடி உதவியாளன் வந்து சேர்ந்திருக்கிறான் என்பதை, படிக்கத் தொடங்குமுன்பே, சேச்சிக்கு அத்தை சொன்னதைக் கேட்டுத்தான் அறிந்தேன்.

சேச்சி கதை சொல்வதில் ஒரு கண்டிப்பு உண்டு. அத்தியாயம் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் அவரும் நிறுத்திவிடுவார். அத்தை எத்தனை கெஞ்சினாலும் தன் ஊகத்தைச் சொல்ல மாட்டார். அதைவிட முக்கியமானது, மோசமான வாரங்களை அவர் மறைத்ததே இல்லை. "இந்த ஆழ்ச்ச ஒண்ணுமில்ல அக்கா. ஆள் காரில ஏறி, இறங்கி, பின்னயும் ஏறி. வெறுதே பேஜ் நெறைக்கான்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு வெங்காய விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அந்த எழுத்தாளர் என்றால் அவருக்கு உயிர். இருந்தும் அவருக்காக ஒரு வார்த்தை பொய் சொன்னதில்லை.

ஒருநாள் சேச்சி வந்து உட்கார்ந்ததும், இந்த அத்தியாயத்தைத் தன்னால் சொல்ல முடியாது, இதை வாசித்தே கேட்க வேண்டும் என்றார். யார் வாசிப்பது? வீட்டில் மலையாள எழுத்து தெரிந்தவர் தாத்தா ஒருவர்தான். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வரும்வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் அல்லவா? தாத்தா அந்தக் காலத்துக் குமாஸ்தா. துப்பறியும் கதை என்றால் முகம் சுளிப்பவர். சேச்சி கதை சொல்லும்போது எழுந்து உள்ளே போய்விடுபவர். ஆனால் வாரவாரம் உள்ளறையில் இருந்தபடியே "ஒண்ணுமில்ல அக்கா" என்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போலும். அத்தனை வாரங்களைத் தள்ளிவிட்டவர் இன்றைக்கு இப்படிச் சொல்கிறாரே என்பதால்தான் அவர் வெளியே வந்து கண்ணாடியைப் போட்டார் என்று நான் நினைக்கிறேன்.

உரக்க வாசித்தார். நடுவில் ஓர் உயில் வந்தது. செத்துப்போன முதலாளி தன் சொத்தை எழுதிவைத்த காகிதம், அதில் ஒரே ஒரு சாட்சிக் கையெழுத்து. தாத்தா இதழைக் கீழே வைத்துவிட்டார். "உயிலுக்கு ரெண்டு சாட்சி வேணும். இது செல்லாது. இந்தச் செல்லாத காகிதத்துக்காகவா ஒருத்தனைக் கொல்லுவான்?" என்று கேட்டார். சேச்சி அசரவில்லை. கொன்றவனுக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாமே என்றார். சட்டம் தெரியாதவன் வீட்டில் அத்தனை சட்டப் புத்தகம் எப்படி வந்தது என்று, இரண்டு பக்கங்களுக்கு முன்னால் வாசித்த ஒரு வர்ணனையைத் தாத்தா நினைவுபடுத்தினார். மாலை வண்டி வரும்வரை வழக்கு நடந்தது. அடுத்தடுத்த வாரங்களில் சேச்சி வந்ததும் அத்தை கூப்பிடாமலே தாத்தா திண்ணைக்கு வந்துவிடுவார். அவருக்குத் துப்பறியும் கதை பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அது மட்டமான சரக்கு என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு வாரம் தவறாமல் வாசித்துக்கொண்டே.

நீங்கள் கேட்டது, பிடித்தவரை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று. சேச்சியிடம் இருந்ததும் உங்களிடம் இல்லாததும் என்ன என்று இப்போது புரிந்திருக்கும். சாட்சியின் சொல்லுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு எப்படி வருகிறதோ அப்படித்தான் வாசகரின் சொல்லுக்கும் வருகிறது. தன் கட்சிக்காரருக்கு எதிரான உண்மையையும் சொல்பவரைத்தான் கேட்பவர்கள் நம்புகிறார்கள்.

துப்பறியும் கதையைப் பற்றி விரிவாகப் பேச முடியாது, முடிச்சை அவிழ்த்தால் கதை போய்விடும் என்று நீங்கள் சாக்குச் சொல்லக்கூடும். முடிச்சைத் தொடாமல் பேச எவ்வளவோ இருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும், இரகசிய வழி ஒன்றுக்குமேல் இருக்கக் கூடாது, துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. பாதி வேடிக்கையாக எழுதப்பட்டவைதான். ஆனாலும் உங்களுக்குப் பிடித்த நாவலை எடுத்து, தடயங்கள் நம் கண்முன்னே வைக்கப்பட்டனவா, கடைசி அத்தியாயத்தில் சட்டைப்பையிலிருந்து உருவப்பட்டனவா என்று பாருங்கள். முடிவை ஒரு வார்த்தை சொல்லாமலே, ஆசிரியர் நேர்மையாக விளையாடினார் என்று நண்பர்களிடம் நிரூபிக்கலாம். தேவனின் துப்பறியும் சாம்பு இந்தப் பத்தில் ஒன்றைக்கூட மதிக்காதவர். வங்கி வேலையில் இருந்த அந்த அப்பாவி, அசட்டு அதிர்ஷ்டத்தாலேயே குற்றவாளிகளைப் பிடிப்பவர். நாக்ஸின் கட்டளைகளில் ஒன்று, தற்செயலான அதிர்ஷ்டம் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்கிறது. சாம்புவின் நகைச்சுவை முழுவதும் அந்த விதியின் தலையில் உட்கார்ந்துகொண்டு செய்யும் கூத்து. இப்படி ஒரு நாவலை வைத்து மட்டும் ஒரு மணிநேரம் பேசலாம், யார் செய்தார் என்று சொல்லாமலே.

நீங்கள் வேலை பார்க்கும் கேரளப் பக்கத்தில் நூலகங்களுக்குப் பஞ்சமில்லை. பி.என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டித் தொடங்கிவைத்த இயக்கம் கேரளத்தின் சிற்றூர்வரை வாசகசாலையைக் கொண்டுபோயிற்று. மதிய இடைவேளையில் அப்படியொன்றுக்குச் சென்று, எந்தப் புத்தகங்கள் அட்டை கிழிந்து அடிக்கடி பைண்டிங்குக்குப் போகின்றன என்று நூலகரைக் கேளுங்கள். உங்கள் தென்காசி நண்பர்கள் சிரித்த சங்கதிக்கு அங்கே வேறு முகம் தெரியும்.

அடுத்த கூடுகைக்கு ராஜேஷ்குமாரின் ஒரே ஒரு நாவலை எடுத்துச் செல்லுங்கள். கூடவே, அவர் எழுதியவற்றில் உங்களை ஏமாற்றிய ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் மேசைமேல் வைத்து, இது ஏன் மேல், அது ஏன் கீழ் என்று பேசுங்கள். நல்லதை, ரயிலில் படிக்கலாம் என்றவரிடம் கொடுங்கள். படிக்கத் தயார் என்று இடத்தோடு ஒப்புக்கொண்டவர் அவர்தான். சிரித்தவரிடம், அவர் கொண்டாடும் எழுத்தாளரின் மிக மோசமான நூல் எது என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். "எல்லாமே நன்றாக இருக்கும்" என்பது பதிலாக வந்தால், அவருக்கும் இந்தக் கடிதத்தை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்