கேள்வி – பதில்: மிதக்கிற வீட்டில் தச்சு வேலை

கேள்வி: நாற்பது வருசமா வீட்டுத் தச்சு வேலை பார்க்கிறேன். மகனும் மருமகளும் கொச்சியில் 32 அடி ஃபைபர் பாய்ப்படகிலேயே குடியிருக்கிறார்கள். படுக்கைக்கு மேலே ஒழுகுகிறதாம், அலமாரியும் வேண்டுமாம். ஒரு மாதம் கூடத் தங்கி முடித்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, தை, மாசியில் போங்கள். வைகாசி பாதிக்கு மேல் அங்கே மழை பிடித்துவிடும், ஐப்பசியிலும் விடாது. போனதும் முதலில் ஒழுக்கைப் பாருங்கள். அலமாரியை முந்தி அடித்துவிட்டால், ஒழுகுகிற போல்ட்டின் நட்டு அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

வீட்டு ஓட்டில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடுவோம். இங்கே அது பலிக்காது. மேல்தளம் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தகடும் நடுவில் பால்சா கட்டையோ பிளைவுட்டோ வைத்ததாக இருக்கும். கைப்பிடி, கயிறு கட்டும் கிளீட் மாதிரிப் பொருத்தல்கள் எல்லாம் அதை ஊடுருவித்தான் போல்ட் போட்டிருக்கும். பழைய பசை காய்ந்து விட்டுப்போனால் தண்ணீர் நடுக்கட்டைக்குள் ஊறி, இரண்டு மூன்று அடி தள்ளிப்போய்ச் சொட்டும். சுத்தியலின் மரப்பிடியால் தளத்தைத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’ என்னும், ஊறிய இடம் மந்தமாகக் கேட்கும். பிறகு தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு பொருத்தலுக்குப் பத்து நிமிடம் என்று தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை டார்ச்சோடு பார்க்கச் சொல்லுங்கள்.

ஒழுகும் பொருத்தலைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். 10 மி.மீ. துளையை மேல்தகட்டிலும் நடுக்கட்டையிலும் 16 மி.மீ. ஆக்கி, ஊறிய கட்டையை வளைத்த ஆணியால் குடைந்தெடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். அடியில் டேப் ஒட்டி, எப்பாக்ஸியை (ரெசினும் ஹார்ட்னரும் சேர்த்தால் இறுகும் பசை) சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கி நிரப்புங்கள். ஒரு நாள் இறுகிய பிறகு அதன் நடுவே 10 மி.மீ. துளை போட்டால், அப்புறம் எப்போது ஒழுகினாலும் கட்டையைத் தண்ணீர் தொடாது. துளையின் மேல்வாயைக் கொஞ்சம் சரித்துச் சீவி, பியூட்டைல் டேப்போ (ஒட்டும் ரப்பர் பட்டை) பாலியூரித்தேன் சீலன்ட்டோ (இடுக்கை அடைக்கும் பசை) வைத்துப் பொருத்துங்கள். முறுக்கும்போது மேலே போல்ட் தலை திரும்பவே கூடாது, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலை திரும்பினால் பசையின் பிடி அறுந்துவிடும். சிலிகான் வேண்டவே வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது. ஒரு நாளில் இரண்டு பொருத்தலுக்கு மேல் கழற்றாதீர்கள், ராத்திரி பிள்ளைகள் அங்கேதான் படுக்க வேண்டும்.

எப்பாக்ஸியை ஒரு தடவைக்கு 100 மில்லிக்கு மேல் கலக்காதீர்கள். நம் வெயிலில் டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடும். அகலத் தட்டில் ஊற்றி வைத்தால் கொஞ்சம் தாங்கும். ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது பாலியெஸ்டர் ரெசினில் வந்த பழக்கம். எப்பாக்ஸியில் அளவு தப்பினால் கடைசிவரை பிசுபிசுவென்றே நிற்கும்.

அலமாரிக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் போட்ட மெரைன் பிளைவுட். வாங்குமுன் படகின் இறங்குவழியை அளந்துகொள்ளுங்கள், 8×4 பலகை முழுசாக உள்ளே போகாது. ரசமட்டமும் தூக்குக்குண்டும் மிதக்கிற படகில் பயன்படாது. தரையிலிருந்தும் குறுக்குச் சுவரிலிருந்தும் அளவெடுத்து, அட்டையில் வார்ப்பு வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகே பலகையில் கை வையுங்கள். வெட்டின விளிம்புக்கு எப்பாக்ஸி மூன்று பூச்சு. அலமாரி முதுகுக்கும் படகின் சுவருக்கும் 20 மி.மீ. இடைவெளியும் கதவில் காற்றுத் துளையும் இல்லையென்றால் துணியெல்லாம் பூஞ்சை பிடிக்கும். தட்டின் முன்விளிம்பில் 40 மி.மீ. தடுப்பு வையுங்கள். படகு சாயும்போது காந்தப் பூட்டு நிற்காது, திசைகாட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் முள்ளையும் இழுக்கும். அமுக்குப் பூட்டுதான் சரி.

அறுப்பு வேலை முழுக்கக் கரையில். மரத்தூள் படகின் அடியில் தண்ணீர் சேரும் அடிக்குழியில் விழுந்தால் தண்ணீர் இறைக்கும் பம்ப்பின் வாய் அடைத்துக்கொள்ளும். படகுக்கு அதுதான் உயிர். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனம், அடிக்குழியில் போய்த் தேங்கும். துடைக்கிற அன்று உள்ளே அடுப்பு பற்றவைக்கக் கூடாது.

கேள்வி: தோணியில் பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தள்ளி சமையலிடத்துக்கு 12 வோல்ட் லைன் இழுத்தோம். ஃபேனும் விளக்கும் சேர்த்துப் போட்டால் மங்குகிறது. ஏன்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: போக, வர 12 மீட்டர். 5 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மி.மீ. வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு கால் வோல்ட்தான். வெள்ளீயம் பூசிய செம்பு வயராக வாங்குங்கள். முனையைக் கிரிம்ப் செய்யுங்கள் (உலோக முனையை வயரோடு நசுக்கிப் பிடிப்பது), ஈயம் வைத்துப் பற்றவைத்தால் என்ஜின் அதிர்வில் அந்த இடத்திலேயே ஒடியும். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவழியில் வயர் உரசும்போது காப்பாற்றாது.

கேள்வி: வள்ளத்துக்குத் துருப்பிடிக்காத போல்ட் என்றுதான் வாங்கினேன். மூன்றே மாதத்தில் பழுப்பாகிவிட்டதே?
– வாசகர், உவரி

பதில்: அது துருப்பிடிக்காத எஃகில் 304 ரகமாக இருக்கும். உப்புக்காற்றுக்கு 316 வேண்டும். காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. தலையில் பாருங்கள்: ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. 316-ம் காற்றுப் படாத ஈரத்தில் அரிக்கும். தலை பளபளவென்றிருக்க, ஊறிய கட்டைக்குள் கழுத்து மெலிந்து கிடக்கும். வருசத்துக்கு ஒன்றிரண்டைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று மெலிந்திருந்தாலும் அந்த வரிசை முழுக்க மாற்றிவிடுங்கள்.