வகுப்பில் நன்றாகத் தாண்டும் மகள் போட்டியில் தடுமாறுகிறாள். விளையாட்டு உளவியல் பயிற்சி உதவுமா?

சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் குதிரையேற்றம் பயிலும் தங்கள் மகள், வகுப்பில் தயக்கமின்றித் தடைகளைத் தாண்டினாலும் போட்டி நாளில் இறுகிப்போகிறாள் என்றும், குதிரை முதல் தடையிலேயே நின்றுவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே தடை தாண்டும் போட்டிகளில் பங்கெடுத்து, உளவியல் பயிற்சியும் பெற்றவள் என்ற முறையில், அது நிச்சயம் உதவும் என்பேன். ஆனால் தைரியம் சொல்லி அனுப்புவது அந்தப் பயிற்சி ஆகாது.

குதிரையேற்றத்தில் பதற்றம் சவாரி செய்பவரோடு நிற்பதில்லை. 2009இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், அடுத்த முறை குதிரையோடு கடந்து செல்லும்போது ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதர்களின் இதயத் துடிப்போடு குதிரைகளின் துடிப்பும் உயர்ந்தது. ஆகவே அச்சத்தை முகத்தில் காட்டாமல் மறைப்பதால் பயனில்லை. மூச்சை அடக்கினால் இடுப்பும் தொடையும் இறுகுகின்றன, கை தன்னையறியாமல் கடிவாளத்தைப் பிடித்திழுக்கிறது. 'போ' என்று காலும் 'நில்' என்று கையும் ஒரே நேரத்தில் சொல்லும்போது குதிரை நிற்பதில் வியப்பென்ன?

அதனால் முதலில் மூச்சைப் பழக்குங்கள். நிதானமாக நீட்டி மூச்சுவிடுவதைத் தரையில் நின்று பழகி, பிறகு குதிரை நடக்கும்போதும், கடைசியில் தடையை நெருங்கும் ஓட்டத்திலும் செய்ய வேண்டும். குதிரை எடுத்துவைக்கும் ஒவ்வோர் எட்டையும் உரக்க எண்ணச் சொல்லலாம். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது.

அடுத்தது மனக்காட்சி. போட்டிக்கு முன் தடைகளின் பாதையை நடந்து பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு உண்டு, குதிரைக்கு இல்லை; எனவே இருவருக்குமாக அவளே அதை மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழையின்றி முடியும் சுற்றை மட்டும் காண்பது போதாது. இரண்டாம் தடையில் குதிரை விலகினால் எங்கே திரும்பி, எந்த வேகத்தில் மறுபடி வருவது என்பதையும் கண்டுவிட்டால், அது நேரும்போது கை நடுங்காது. சர்வதேச விதிப்படி மணி அடித்ததும் தொடங்குவதற்கு 45 விநாடிகள் கிடைக்கின்றன. அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது, எத்தனை மூச்சு விடுவது என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்ளட்டும்.

கவனம் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சிங்கப்பூர்க் குதிரையேற்ற வீராங்கனை லாரென்ஷியா டானைப் பற்றிச் சொல்வேன். பெருமூளை வாதத்தோடும் கடுமையான செவிக்குறைபாட்டோடும் வாழும் அவர், 2008 பெய்ஜிங் போட்டிகளில் சிங்கப்பூருக்கு முதல் பாராலிம்பிக் பதக்கத்தையும், 2012இல் லண்டனில் குதிரையை இசையோடு நடத்திக் காட்டும் பிரிவில் வெள்ளியையும் வென்றார். காது எட்டாத இடத்திலும் குதிரையின் நடையை உடல் அறிகிறது. தங்கள் மகளின் கவனமும் பார்வையாளர்களை விட்டு அந்த நடைக்குத் திரும்ப வேண்டும்.

இவற்றைத் தொடங்கும் முன், குதிரைக்கு முதுகுவலியோ சேணம் உறுத்தலோ இல்லை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வலியால் நிற்கும் குதிரைக்காகப் பிள்ளையின் மனத்தைத் திருத்த முனைவது இருவருக்கும் அநீதி. உளவியலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அறையில் பேசுவதோடு முடித்துக்கொள்ளாமல், லாயத்துக்கு வந்து அவள் சவாரி செய்வதை நேரில் பார்க்க இசைபவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.