குதிரைப் பந்தயத்தைக் கொண்டுவந்தால் மாநிலத்துக்கு லாபமா?

பந்தயத் திடலே இல்லாத ஒரு மாநிலத்தில் குதிரைப் பந்தயத்தைக் கொண்டுவந்தால் வேலைவாய்ப்பும் வரியும் பெருகுமா, ஹாங்காங்கில் நடக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ திட்ட அறிக்கைக்காகக் கணக்குப் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் என் அப்பா சென்னை கிண்டி ரேஸ்கோர்ஸில் 20 வருஷத்துக்கு மேல் சைஸாக இருந்தவர், அதாவது லாயத்தில் குதிரை பார்க்கிற வேலை. நானும் தங்கையும் அந்தச் சம்பளத்தில்தான் வளர்ந்தோம், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

வேலைவாய்ப்பு என்பது பொய் இல்லை. ஒரு குதிரை வந்தால் சைஸ், பயிற்சிக்குக் குதிரை ஓட்டுகிற ரைடிங் பாய், லாடம் அடிப்பவர், டாக்டர், புல்லும் கொள்ளும் ஓட்ஸும் கொண்டுவருகிறவர் என்று ஆட்களும் கூடவே வருவார்கள். அப்பா விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து போய்விடுவார். லாயத்தில் விளக்குகூடப் போடாமல், குதிரையின் முன்னங்கால் பக்கம் குந்தி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே பின்பக்கமாக ஓடுகிற தசைநாணை இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பார். எங்கேயாவது சூடு தட்டினால் அன்றைக்கு அதை ஓட விடக் கூடாது. லீவு நாளில் என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டியிருக்கிறார். எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருந்தது, அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வேலையை யாராவது மட்டமாகப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

அந்தச் சம்பளத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த விஷயம். எங்கள் தெருவில் ஒரு ஆட்டோக்காரர் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் "அண்ணே, உங்க குதிரை எப்படி இருக்கு" என்று கேட்பார், அப்பா சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு சனிக்கிழமை மட்டும், என்ன தோன்றியதோ, "கால்ல சூடு இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் அந்த மனுஷன் சீட்டுப் பணம் மொத்தத்தையும் அந்தக் குதிரை மேல் கட்டிவிட்டார். குதிரை நாலாவதாக வந்தது. அம்மா எடுக்க வேண்டிய சீட்டு அது, என் பாலிடெக்னிக் ஃபீஸ். அன்றைக்குப் பிறகு குதிரையைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அப்பா வாய் திறந்ததே இல்லை.

  

இதைச் சொன்னால் உடனே சிலர், பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் இல்லை என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்பார்கள். ஆமாம், தமிழ்நாட்டு வழக்கில்தான் சொன்னது. தீர்ப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குதிரையைத் தினமும் கையால் தொட்டுப் பார்த்தவருக்கே அது நாலாவதாக வரும் என்று தெரியவில்லை, பந்தய டிக்கெட் கட்டுகிற ஆட்டோக்காரருக்கு என்ன தெரியும்?

இப்போது உங்கள் வரிக் கணக்குக்கு வருகிறேன். டர்ன்ஓவர், அதாவது மொத்தமாகக் கட்டப்பட்ட பந்தயப் பணம், இத்தனை கோடி என்று யாராவது காட்டினால் அதை வருமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் கையில் இருக்கிற அதே நூறு ரூபாய் ஒரு மாலையில் ஐந்து ரேஸில் சுற்றினால் ஐந்நூறு என்று ஏறிவிடும். வரியும் அந்த டிக்கெட்டின் முழு மதிப்பின் மேல்தான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம், 2025 செப்டம்பரிலிருந்து 40. அதில் பாதி மத்திய அரசுக்குப் போய்விடும். முன்பு பந்தய வரி முழுக்க மாநிலத்துக்கே என்று இருந்த காலத்துக் கணக்கை வைத்துக்கொண்டு இன்றைக்குத் திட்டம் போட முடியாது. அப்புறம், இவ்வளவு வரி கட்டி டிக்கெட் வாங்குவதைவிட வரியே இல்லாமல் போனில் பந்தயப் பணம் வாங்குகிற திருட்டு புக்கியிடம் போவதுதான் ஆட்டக்காரருக்கு லாபம், அந்தப் பணம் அரசுக் கணக்கிலேயே வராது. ஹாங்காங்கில் பந்தயம் நடத்துவது லாப நோக்கமில்லாத ஒரே ஒரு கிளப். பரிசு கொடுத்தது போக மீதி நிற்கிற பணத்தில்தான் 72.5 முதல் 75 சதவீதம் வரை வரி பிடிக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு ஏற்பாடு.

நிலத்தை மறந்துவிடாதீர்கள். கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம் 1945இல் ரேஸ் கிளப்புக்கு 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது, வருஷ வாடகை 614 ரூபாய். பிறகு வாடகை பாக்கி 730 கோடி என்று அரசு கேட்க, வழக்கு நடந்து, 2024 செப்டம்பரில் குத்தகையையே ரத்து செய்து சீல் வைத்தார்கள். சிங்கப்பூரில் 1842இல் தொடங்கிய ரேஸ் கிளப்பின் கிராஞ்சி திடலில் 2024 அக்டோபர் 5தான் கடைசிப் பந்தயம், அந்த நிலத்தை வீடு கட்ட எடுத்துக்கொள்கிறார்கள். சீனாவின் மக்காவ் நகரிலும் அதே வருஷம் மார்ச் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். பணக்கார ஊர்களே விட்டுவிட்டதை நாம் புதிதாகத் தொடங்கினால் நிலத்துக்குச் சந்தை வாடகை போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான் குதிரைக்கும் எதிரி இல்லை, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும் எதிரி இல்லை. உங்கள் அறிக்கையில் வேலைவாய்ப்பு என்று ஒரு எண் போடுவீர்கள் இல்லையா, அதற்குப் பக்கத்திலேயே லாயத்து ஆளுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். யார் கட்டுவார்கள், குதிரை உதைத்துக் கால் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், திடலை மூடினால் ஐம்பது வயதில் அவர் எங்கே போவார் என்பதையும் எழுதுங்கள். சீட்டுப் பணத்தைக் கட்டித் தோற்கிற குடும்பங்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அதெல்லாம் போக லாபம் நின்றால் நானே ஆதரிக்கிறேன்.