ஜிமெயிலில் போட்ட கையொப்பம் பிரெயில் நோட்டேக்கரில் ஏன் வருவதில்லை?

ஜிமெயிலில் கையொப்பம் (மெயிலின் கடைசியில் தானாகச் சேரும் பெயர், முகவரி வரிகள்) போட்டு வைத்திருந்தும், பிரெயில் நோட்டேக்கரிலிருந்து, அதாவது பார்வையற்றவர்கள் புள்ளிகளை அழுத்தி எழுதி விரலால் படிக்கும் சின்னக் கணினியிலிருந்து, அனுப்பும் மெயிலில் அது காணோமே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

ஜிமெயில் அந்தக் கையொப்பத்தைப் பிரவுசரில் மெயில் எழுதும் பக்கத்தில்தான் சேர்க்கிறது. நோட்டேக்கரின் மெயில் புரோகிராம் அந்தப் பக்கத்துக்கே போவதில்லை. ஐமேப் வழியாக மெயிலை எடுக்கும், எஸ்எம்டிபி வழியாக அனுப்பும். நாம் அனுப்பியது அப்படியே போகும், நடுவில் யாரும் எதுவும் ஒட்டமாட்டார்கள். அதனால் கருவியிலேயே தனியாக எழுத வேண்டும். மெயில் புரோகிராமின் மெனுவில் கணக்கு அமைப்புகளில் கையொப்பத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்து, மெயிலின் கடைசியில் ஒட்டிக்கொள்ளலாம்.

கையொப்பத்துக்கு மேலே தனி வரியில் இரண்டு சிறுகோடும் ஒரு இடைவெளியும் போடுங்கள். கையொப்பம் தொடங்குகிறது என்பதற்கு அதுதான் பழைய மரபு. பல மெயில் புரோகிராம்கள் பதில் எழுதும்போது அதற்குக் கீழே உள்ளதை விட்டுவிடும்.

இந்த நாலு வரிக்கு இவ்வளவு மெனக்கெடலா என்று வீட்டில் கேட்டார்கள். பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், லாக்கர் எல்லாம் பாகுபாடில்லாமல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதற்கு எத்தனையோ வருஷம் கழித்தும் ஒரு கவுண்டரில், எனக்குக் கையெழுத்துப் போட வரும் என்று சொன்ன பிறகும், மை டப்பாவை எடுத்து என் பெருவிரலைப் பிடித்தார்கள். என் பெயரை நானே எழுதி அனுப்புவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

சரி, முக்கியமானதற்கு வருகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். புத்தகம் அனுப்புகிறவர்களுக்காகக் கையொப்பத்தில் முகவரியும் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. என் புதிய எண் 25, பக்கத்தில் ஆங்கிலச் சின்ன ‘ஏ’. ஒருநாள் ஒரு மாணவனின் அம்மா போன் செய்தார்: “சார், உங்க தெருவுல 251-ன்னு வீடே இல்லையாம், கூரியர்காரர் திரும்பிட்டார்.”

பிரெயிலில் ஒவ்வொரு எழுத்தும் ஆறு புள்ளிகளுக்குள் அமையும், அந்தப் புள்ளிகளுக்கு 1 முதல் 6 வரை எண் உண்டு. ஆங்கில பிரெயிலில் இனி வருவது எண் என்று சொல்லும் எண் குறியை (3, 4, 5, 6 புள்ளிகள்) போட்ட பிறகு ‘ஏ’ என்ற எழுத்தும் 1 என்ற எண்ணும் ஒன்றுதான், இரண்டுமே முதல் புள்ளி மட்டும். நடுவில் 5, 6 புள்ளிகளைப் போட்டால்தான் அது எழுத்தாகும். பெரிய எழுத்தென்றால் அதற்கு முன்னால் வரும் ஆறாம் புள்ளியே போதும். நான் எதையும் போடவில்லை, கருவி அதை 251 ஆக்கிவிட்டது. இதில் மோசம் என்னவென்றால், 251-ஐத் திரும்ப பிரெயிலில் காட்டினாலும் நான் அழுத்திய அதே புள்ளிகள்தான் வரும். எத்தனை தடவை விரலால் படித்தாலும் சரியாகவே இருக்கும்.

மெயில் முகவரியைக் கணினி பிரெயிலில், அதாவது எழுத்துக்கும் எண்ணுக்கும் தனித்தனிப் புள்ளிகள் உள்ள முறையில், எழுதுவது நல்லது. தமிழில் பெயர் போடுவதென்றால் அந்த வரிக்கு மட்டும் தமிழ் பிரெயிலுக்கு மாறிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, விரலை எடுத்துவிட்டு, பேச்சில் போட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கேளுங்கள். கதவு எண்ணையும் போன் நம்பரையும் இரண்டு தடவை.